ஸ்டென்ட், பைபாஸுக்குப் பிறகு திரும்பவும் நெஞ்சு நோவா? சிஆர்பி ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவருக்கோ பைபாஸ் செய்தவருக்கோ திரும்ப நெஞ்சு நொந்தால் வீட்டில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "கேஸ்தான் வாப்பா, ஓமத்தண்ணி குடிச்சா சரி" என்பது ஒரு கட்சி. எதற்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்று தனியார் லாப்புக்கு ஓடுவது மற்றக் கட்சி. லாப்பிலிருந்து வரும் கடதாசியில் கொலஸ்ட்ரோல், சீனி எல்லாம் ஓரளவு சரியாக இருக்கும், சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) மட்டும் 18 என்று தடித்த எழுத்தில் இருக்கும், அன்றிரவு முழுக்க யாரும் தூங்கமாட்டார்கள். சிஆர்பி 2 என்று வந்தால் அது இன்னும் ஆபத்து. "ரிப்போர்ட் நோர்மல்" என்று சொல்லி நோவோடு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அதனால் முக்கியமானதை முதலே சொல்லிவிடுகிறேன். சிஆர்பி ஊர் நாய் குரைப்பது மாதிரி. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும், எந்த வளவுக்குள் என்று தெரியாது. நெஞ்சு நோ இதயத்திலிருந்து வருகிறதா என்பதை அந்த எண்ணை வைத்து நீங்களோ நானோ டொக்டரோ சொல்ல முடியாது. ஆனால் சில இடங்களில் அது உண்மையிலேயே உதவும். அந்த இடங்கள் எவை என்பதும், எந்த வரிசையில் போக வேண்டும் என்பதும்தான் கீழே.

முதல் படி: நோ இப்போது இருக்கிறதா? அப்படியென்றால் ரிப்போர்ட் வேண்டாம்

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம், பாரம். அது தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுவது. கூடவே வியர்வை, மூச்சு முட்டு, ஓங்காளம், தலைச்சுற்று. இதில் எது இருந்தாலும் உட்காருங்கள். நாக்குக்கடியில் வைக்கும் ஜீடிஎன் குளிசை தந்திருந்தால் ஒன்றை வையுங்கள், நின்றுகொண்டு வைக்க வேண்டாம், பிரஷர் சட்டென்று இறங்கி விழுந்துவிடுவீர்கள். ஐந்து நிமிடத்தில் நோ போகவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 1990க்கு அடியுங்கள். இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், கிழக்கு மாகாணத்திலும் ஓடுகிறது. கூப்பிடும்போது ஸ்டென்ட் வைத்தவர் அல்லது பைபாஸ் செய்தவர் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் கோயிலையோ பள்ளியையோ பாலத்தையோ அடையாளமாகச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கச் சொன்னால் செய்யுங்கள், ஆனால் காய்ச்சல் இருந்தாலோ ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது என்றாலோ அதை மறைக்க வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம், வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை: வயக்ரா வகைக் குளிசை (சில்டெனாஃபில் போன்றவை) எடுத்திருந்தால் ஜீடிஎன் வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கும். அம்புலன்ஸில் வருபவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

படுவான்கரைப் பக்கமோ வாகரையோ பொத்துவிலோ என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்காமல் ஈசிஜி எடுக்கக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே பார்த்துவிட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைக்கோ அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே அனுப்புவார்கள், போகும் வழியில் மருந்தும் ஏறும். மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து இருபது மைல் போவது வேண்டவே வேண்டாம்.

ஜீடிஎன் குளிசை பற்றி இன்னொன்று. அது வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் கெட்டுப்போகும், நம்முடைய சூட்டுக்குச் சொல்லவே வேண்டாம். வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இறுக்கி மூடி வையுங்கள், சட்டைப் பொக்கெட்டில் உதிரியாகப் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். போத்தலைத் திறந்து எட்டுக் கிழமைக்குப் பிறகு அந்தக் குளிசைகளை நம்ப முடியாது, திறந்த திகதியைப் போத்தலில் எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: நோவுக்குக் காலக்கணக்குப் போடுங்கள்

டொக்டர் முதலில் கேட்கும் கேள்வி "எப்போ செய்தது?" என்பதுதான். காரணத்தோடுதான் கேட்கிறார், ஏனென்றால் திரும்பி வரும் நோவின் காரணங்கள் காலத்துக்குக் காலம் மாறும்.

ஸ்டென்ட் வைத்த முதல் ஓரிரு நாளில் சிலருக்கு மந்தமான நோ இருக்கும், குழாய் உள்ளிருந்து விரிக்கப்பட்டதால் வருவது, பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் அதே முதல் மாதம்தான் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டியாகி சட்டென்று அடைக்கும் ஆபத்து கூடிய காலமும். அது மெதுவாக வராது, திடீரென்று மாரடைப்பாகவே வரும். அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரெலையோ ஆஸ்பிரினையோ இடையில் நிறுத்துவது. மருந்து முடிந்துவிட்டது, கிளினிக் அடுத்த கிழமைதானே என்று நான்கு நாள் சும்மா இருப்பது; பல்லுப் பிடுங்க வேண்டும் என்று தாங்களாகவே நிறுத்துவது. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த இரண்டு குளிசையும் வழமையாக ஒரு வருடம், மாரடைப்பு இல்லாமல் வைத்தவருக்கு வழமையாக ஆறு மாதம். எப்போது குறைப்பது என்பது ஸ்டென்ட் வைத்த டொக்டரின் முடிவு, பாமசிக்காரருடையதோ பல் வைத்தியருடையதோ அல்ல. நோன்பு காலத்திலும் அதே கதைதான், ஒரு நாளைக்கு ஒரு வேளைக் குளிசைகளை சஹருக்கோ நோன்பு திறக்கும் நேரத்துக்கோ மாற்றலாம், விட முடியாது. எதை எப்போது என்று நோன்புக்கு முன்னமே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், முன்பு வந்த அதே மாதிரி நோ, நடந்தால் வந்து நின்றால் போவது, கிழமைக்குக் கிழமை குறைந்த தூரத்திலேயே வரத் தொடங்குவது என்றால் ஸ்டென்டுக்குள் தசை வளர்ந்து குழாய் மறுபடி ஒடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து பூசாத பழைய ஸ்டென்ட் காலத்தில் இது நிறைய, இப்போது வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்டில் குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. ஒரு வருடம் தாண்டி வரும் நோவுக்கு வேறு குழாயில் புதிதாகக் கொழுப்புப் படிவதும் பெரிய காரணம். ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் திறக்கிறது, நோய் எல்லாக் குழாயிலும் இருக்கிறது.

ஆஞ்சியோவில் (இதயக் குழாய்களுக்குள் சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே) எல்லாம் திறந்திருக்கிறது என்று சொல்லியும் நோ தொடர்வதும் உண்டு. பொய் சொல்கிறார், பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் பேசுவது அநியாயம். ஆஞ்சியோவில் தெரியாத நுண்ணிய குழாய்களில் ரத்தம் சரியாக ஓடாமல் இருக்கலாம், குழாய் இடைக்கிடை சுருங்கிக்கொள்ளலாம். ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது பிறகும் நெஞ்சு நோ இருக்கிறது, இதற்கென்று தனி மருந்துகளும் உண்டு.

பைபாஸ் செய்தவர்களுக்குக் கணக்கு வேறு. நடுவே பிளந்த நெஞ்செலும்பு பொருந்தவே இரண்டு மூன்று மாதமாகும், அதுவரை இருமினால், திரும்பிப் படுத்தால் நோவது வழமை. இடது நெஞ்சில் மரத்த மாதிரி, எரிகிற மாதிரி இருப்பதும் உள்ளே இருந்து குழாய் எடுத்த இடத்தால் வருவது. காலில் இருந்து எடுத்து வைத்த நாளங்கள் முதல் வருடத்திலேயே சில அடைபடும், பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்த தமனி அப்படியில்லை, பத்து வருடத்துக்குப் பிறகும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். உங்களுக்கு எதை எதில் பொருத்தினார்கள் என்பது டயக்னோசிஸ் காட்டில் (ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தரும் அட்டை) இருக்கும். அந்தக் காட்டைத் தொலைத்தவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது, போனில் ஒரு படம் எடுத்து வைக்க எவ்வளவு நேரம்?

சிஆர்பிக்கு உண்மையான வேலை இருக்கும் முதல் இடம் இதுதான்: சத்திரசிகிச்சை முடிந்து ஒரு கிழமையிலிருந்து ஆறு கிழமைக்குள், கூர்மையான நோ, மூச்சை உள்ளே இழுத்தால் கூடுகிறது, மல்லாந்து படுத்தால் கூடுகிறது, எழுந்து முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால் குறைகிறது, கூடவே மெல்லிய காய்ச்சல். இது இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி. பெரிய மாரடைப்புக்குப் பிறகும் சில கிழமைகளில் இதே மாதிரி வரும். இங்கே ஈசிஜி, எக்கோவோடு (இதய ஸ்கேன்) சிஆர்பியும் எடுப்பார்கள், மருந்து தொடங்கிய பிறகு சிஆர்பி இறங்குவதைப் பார்த்துத்தான் மருந்தைக் குறைப்பார்கள். காயத்திலிருந்து நீர் வடிவது, நெஞ்செலும்பு "களக் களக்" என்று அசைவது, நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் அது உறை அழற்சி இல்லை, எலும்பில் கிருமி பிடித்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

மூன்றாம் படி: எந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்கு

இன்றிரவு மாரடைப்பா என்ற கேள்விக்கு விடை ஈசிஜியிலும் ட்ரொபோனினிலும் இருக்கிறது, சிஆர்பியில் இல்லை. ட்ரொபோனின் இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்துக்குள் கசியும் புரதம். ஒரு தடவை எடுத்து நோர்மல் என்று வீட்டுக்கு வர அவசரப்படாதீர்கள், சில மணித்தியாலம் கழித்து இரண்டாவது தடவை எடுத்து ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது எப்போதும் கொஞ்சம் கூடித்தான் இருக்கும், அங்கே எண்ணைவிட ஏற்ற இறக்கம்தான் பேசும். ஸ்டென்ட் அல்லது பைபாஸ் முடிந்த முதல் நாட்களிலும் அது கூடியிருக்கும்.

சிஆர்பி இதயத்தில் உருவாவதே இல்லை. உடம்பில் எங்காவது அழற்சி நடந்தால் அங்கிருந்து இன்டர்லூகின் 6 என்ற செய்தி போக, ஈரல் அதை உற்பத்தி செய்கிறது. 1930இல் நிமோனியாக்காரர்களின் ரத்தத்தில்தான் அதை முதலில் கண்டார்கள். ஆறு எட்டு மணித்தியாலத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். காரணம் அடங்கினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாக இறங்கும். பைபாஸுக்குப் பிறகு இரண்டாம் மூன்றாம் நாளில் அது நூறையும் தாண்டும், அதைப் பார்த்துப் பதற ஒன்றுமில்லை. இறங்கி வந்தது திரும்ப ஏறினால்தான் கேள்வி.

ரிப்போர்ட்டில் வரும் ஈஎஸ்ஆரும் அழற்சி பார்ப்பதுதான், பழைய, மெதுவான பரிசோதனை. வயதுக்கும் ரத்தச்சோகைக்கும் கூடும், இறங்கக் கிழமைகள் எடுக்கும். எழுபது வயது அம்மாவுக்கு 38 என்று வந்தால் அது ஏறக்குறைய வயதுக்குரிய எண்தான். நெஞ்சு நோவுக்கு இதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது.

நான்காம் படி: கடதாசியை வாசிப்பது

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் சிஆர்பி என்ற ஒரே பெயரில் இரண்டு பரிசோதனை இருக்கிறது. சாதாரண சிஆர்பி கிருமித்தொற்று பார்ப்பதற்கானது, எண் குறைவாக இருந்தால் அதில் 5க்கோ 6க்கோ குறைவு என்று மட்டும் வரும். ரிப்போர்ட்டில் எண்கள் 6, 12, 24, 48 என்று இரட்டிப்பாகவே வந்தால் அது கண்ணாடித் தட்டில் செய்யும் லேடெக்ஸ் முறை, இடைப்பட்ட எண்ணை அது காட்டாது. இதய ஆபத்துக் கணக்குக்கு வேண்டியது ஹைசென்சிட்டிவ் சிஆர்பி, எச்எஸ்-சிஆர்பி என்று எழுதியிருக்கும். அதில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் கூடுதல். 10க்கு மேலே போனால் அதை இதயக் கணக்கில் சேர்க்கவே கூடாது, வேறு ஏதோ நடக்கிறது, அதைத் தேடிச் சரிப்படுத்தி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு திரும்ப எடுக்க வேண்டும். ஒரு எண்ணை நம்பாமல் இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் சரி.

அப்புறம் அலகு. சில லாப் லீற்றருக்குத் தருகிறது, சில டெசிலீற்றருக்கு. ஆங்கிலத்தில் எம்ஜி பை எல், எம்ஜி பை டிஎல் என்று இருக்கும், இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒன்றில் 0.8 என்பது மற்றதில் 8. ட்ரொபோனினில் நானோகிராம் லீற்றருக்கா மில்லிலீற்றருக்கா என்பதில் ஆயிரம் மடங்கு. போன மாதம் கல்முனையில் எடுத்ததையும் இந்த மாதம் மட்டக்களப்பில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துக் கூடிப்போச்சு என்று அழுவதற்கு முன் அலகைப் பாருங்கள். முடிந்தால் ஒரே லாப்பிலேயே எடுங்கள். பிரெட்னிசலோன் (ஸ்டீரொய்ட் குளிசை) எடுப்பவர்களுக்கும் ஈரல் மோசமாகப் பழுதானவர்களுக்கும் எண் உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம்.

ஐந்தாம் படி: எண் கூடியிருக்கிறது, அப்போ எங்கே தேடுவது?

நம்முடைய மாவட்டங்களில் இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் இதயத்துக்கு வெளியேதான் கிடைக்கும்.

வயலில் இறங்குபவராக இருந்தால் எலிக்காய்ச்சலை முதலில் நினையுங்கள். பெரும்போக வேலை நேரத்தில் சேற்றில் நின்றுவிட்டு வந்து ஒன்றிரண்டு கிழமையில் காய்ச்சல், கெண்டைக்கால் தொடமுடியாத நோ, கண் சிவப்பு, சலம் குறைவது. சிஆர்பி நன்றாக ஏறும். இதில் சிக்கல் என்னவென்றால் எலிக்காய்ச்சல் இதயத் தசையையும் தாக்கும், அப்போது நெஞ்சு நோவும் வரும், ட்ரொபோனினும் ஏறும், ஸ்டென்ட்தான் அடைத்துவிட்டது என்று எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே வயலுக்குப் போனீர்களா என்று டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். வெள்ளாமை தொடங்க முன் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம் தரும் டொக்ஸிசைக்கிளின் குளிசையை, எடுக்கும் மற்ற மருந்துகளைக் காட்டிக் கேட்டு, எடுத்துக்கொள்ளுங்கள்.

மாரி காலத்துக் காய்ச்சல் என்றால் டெங்கு. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எடுப்பவருக்கு டெங்கு வந்தால் ரத்தம் கசியும் ஆபத்து கூடும், அதே நேரம் புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் அந்தக் குளிசையைத் தானே நிறுத்துவதும் ஆபத்து. இந்த இழுபறியை வீட்டில் தீர்க்க முடியாது. காய்ச்சல் முதல் நாளே டயக்னோசிஸ் காட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நிறுத்துவதா தொடர்வதா என்று அவர்கள் பிளேட்லெட் பார்த்து முடிவெடுக்கட்டும். அதுவரை காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்.

சீனி வருத்தக்காரர்கள் இரண்டு காலையும் தூக்கி விரலிடுக்கு, குதிக்கால் பாருங்கள், உணர்ச்சி இல்லாததால் புண் இருப்பதே தெரியாமல் இருக்கும். வாயைத் திறந்து முரசைப் பாருங்கள். வெத்திலை போடுபவர்களுக்கு முரசு வீங்கி ரத்தம் கசிவது பழகிப்போயிருக்கும், அது மாதக்கணக்காக நடக்கும் அழற்சி. சலக்கடுப்பு, ஆறாத இருமல், காலையில் விறைக்கும் மூட்டுகள் எல்லாமே கணக்கில் வரும். வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் புகைப்பதும் தனியாகவே சிஆர்பியைக் கூட்டும்.

மூட்டு நோவுக்கு என்று பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இதய நோயாளிக்கு அது மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும், ஆஸ்பிரின், குளோபிடோகிரெலோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கும். அழற்சி கூடியிருக்கிறது என்று கடதாசியில் பார்த்துவிட்டு அழற்சிக் குளிசை கேட்டு வாங்குவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

ஆறாம் படி: ஒன்றும் அகப்படவில்லை, எச்எஸ்-சிஆர்பி மட்டும் 2, 3க்கு மேலேயே நிற்கிறது

இது சிஆர்பிக்கு வேலை இருக்கும் இரண்டாவது இடம். நோ எதுவும் இல்லாத நிதானமான காலத்தில், கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கியும் இந்த எண் இறங்காதவர்களுக்கு அடுத்த மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுதல். வெறும் ஊகமா இது என்று கேட்டால், 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில் மாரடைப்பு வந்து எச்எஸ்-சிஆர்பி 2க்கு மேல் இருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரோலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி, 150 மில்லிகிராம் அளவில், அடுத்த மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவற்றை 15 சதவீதம் குறைத்தது. ஆனால் கிருமித்தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள், விலையும் கையைக் கடித்தது, ஆகவே இதயத்துக்கு அந்த ஊசி வழக்கத்துக்கு வரவில்லை. மறுவருடம் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை.

பிறகு வந்தது கொல்கிசின், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு நோ) காரர்களுக்குத் தெரிந்த அதே பழைய மலிவான குளிசை, நாளுக்கு 0.5 மில்லிகிராம். 2019இல் மாரடைப்பு வந்த ஒரு மாதத்துக்குள் தொடங்கியவர்களிடமும், 2020இல் நாட்பட்ட இதய நோயாளிகளிடமும் நல்ல பலன் காட்டியது. 2024இல் ஏழாயிரம் பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. அதனால் சிலருக்கு டொக்டர் எழுதுகிறார், சிலருக்கு எழுதவில்லை, இரண்டிலும் நியாயம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நீங்களாக வாங்கிப் போடக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நஞ்சாகும், அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டி போன்ற பக்கங்களில் சிறுநீரக நோய் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. கிளரித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக்கோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வயிற்றோட்டம் தொடங்கினால், கைகால் தசை சோர்ந்து நொந்தால் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் கையில் இருப்பதை ஒழுங்காகச் செய்யலாமே. அடோவஸ்டடின், ரோசுவஸ்டடின் இரண்டும் கொலஸ்ட்ரோலோடு சிஆர்பியையும் இறக்கும். "ஸ்டடின் ஈரலைக் கெடுக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரவுக் குளிசையைக் கொப்பித் தாளில் சுற்றி வீசுபவர்கள் ஊருக்குப் பத்துப்பேர் இருக்கிறார்கள். புகையை விடுவது, இடுப்பைக் குறைப்பது, முரசுக்கு மருந்து பார்ப்பது, சீனியைக் கட்டுப்படுத்துவது, இவை எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை இறக்கும்.

கிளினிக் நாளில்

கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், வெளியே நூறு பேர் நிற்பார்கள். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு டொக்டர்" என்று தொடங்கினால் அந்த நிமிடங்கள் போய்விடும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முதலே எழுதிக்கொண்டு போங்கள்: என்ன செய்தது, எந்த மாதம், நோ எப்போது திரும்பத் தொடங்கியது, எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, ஜீடிஎன்னுக்குப் போகிறதா, படுத்தால் கூடுகிறதா, எந்தக் குளிசை எத்தனை நாள் விடுபட்டது. விடுபட்டதை மறைக்காதீர்கள், ஏச்சு விழும், விழட்டும்.

ரிப்போர்ட்டுகளைத் திகதி வரிசையில் வையுங்கள், புதியது மேலே. கேட்க வேண்டியவை: இந்த நோவுக்கு ஈசிஜி, எக்கோ, ஓட்டப் பரிசோதனை எது வேண்டும், திரும்ப ஆஞ்சியோ செய்ய வேண்டிய கட்டமா, மருந்தைக் கூட்டிப் பார்க்கலாமா, சிஆர்பி திரும்ப எடுப்பதென்றால் சாதாரணமா எச்எஸ்ஸா, எத்தனை கிழமைக்குப் பிறகு. காய்ச்சல் தடிமன் இருக்கும் கிழமையிலும், பல் பிடுங்கிய கிழமையிலும், தடுப்பூசி போட்ட கிழமையிலும் எச்எஸ்-சிஆர்பிக்குப் போய்க் காசை வீணாக்க வேண்டாம். நோ ஓய்விலேயே வரத் தொடங்கினாலோ, இரவில் எழுப்பினாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஓபிடியோ (வெளிநோயாளர் பிரிவு) ஈடீயூவோ (அவசர சிகிச்சைப் பிரிவு), கையில் டயக்னோசிஸ் காட்டும் குளிசைப் பையும்.